கன்னத்தில் படியும் கருமை: ஒப்பனையைத் தோல் நோகாமல் களைவது எப்படி?

மார்கழி விழாக்கள் முடிந்து தை பிறந்ததும் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஒரே மாதிரியான குறையுடன் சிலர் வரத் தொடங்குவார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபது வயதுக்குள்ளான பெண் பிள்ளைகள். உடன் தாயாரும் வருவார். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ நாட்டியம் பயில்பவர்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நான்கைந்து மேடைகள் ஏறியிருப்பார்கள். இரண்டு கன்ன எலும்புகளின் மேலும், நெற்றியின் ஓரங்களிலும், மேலுதட்டுக்கு மேலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் படிந்திருக்கும். "டாக்டர், பேன்கேக் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வேறு எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்பதுதான் தாயார் கேட்கும் முதல் கேள்வி.

நான் அதற்கு விடை சொல்லுமுன் வேறொன்றைக் கேட்பது வழக்கம். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியதும் முகத்தை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? விடை ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. இரவு பத்து மணி ஆகியிருக்கும். மறுநாள் பள்ளி உண்டு. பிள்ளைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுவார்கள். அப்போதும் போகாத இடங்களை டர்க்கி டவலால் அழுத்தித் தேய்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் கடலை மாவு. சிலர் எலுமிச்சம் பழத்தை அரிந்து தேய்த்ததாகவும் சொல்வார்கள்.

கருமை படிந்த இடங்களைக் கவனித்தால் காரணம் விளங்கும். ஒப்பனை முகம் முழுவதும் பூசப்பட்டது, கழுத்திலும் பூசப்பட்டது. ஆனால் கருமை மட்டும் எலும்பு மேடிட்ட இடங்களில், துண்டு பிடித்த கை அழுந்தும் இடங்களில் வந்திருக்கிறது. ஒப்பனைப் பொருளே ஒவ்வாமையை உண்டாக்கியிருந்தால் தோற்றம் வேறாக இருக்கும். ஓரிரு நாளில் அரிப்பு, வீக்கம், சிறு கொப்புளங்கள், நீர்க்கசிவு முதலியன தோன்றும். கண் இமைகள் தடித்துவிடும். அத்தகைய நோயாளிகளும் வருவதுண்டு. ஆனால் நான் பார்த்தவரையில், விழாக் காலத்துக்குப் பின் வரும் கன்னக் கருமையில் பெரும்பங்கு துண்டின் வேலையே.

தோலின் மேற்பரப்பில், இறந்த செல்கள் ஓடுகள் போல அடுக்கப்பட்ட ஒரு படலம் உண்டு. முகத்தில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட இராது. செல்களுக்கு இடையே ஒருவகைக் கொழுப்பு, செங்கற்களுக்கு இடையே சாந்து போல, நிரம்பியிருக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியிலுள்ளவை உள்ளே நுழையாமலும் காப்பது இந்தப் படலமே. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. குளியல் சோப்பின் அளவு 9 முதல் 10 வரை. ஒரு முறை சோப்பிட்டால் தோல் சில மணி நேரத்தில் தன் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரே இரவில் மூன்று முறை சோப்பிட்டு, சாந்து கரைந்த அந்தச் சுவரை முரட்டுத் துணியால் உரசினால் நிலைமை வேறு. சென்னையில் பல வீடுகளில் குழாயில் வருவது உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர். அதிலுள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து கரையாத பொருளாகி முகத்தில் தங்குவதால் எரிச்சல் கூடுகிறது.

நம் போன்ற மாநிறத் தோலுக்கு இதில் கூடுதல் இடர் ஒன்று இருக்கிறது. வெளுத்த தோல் உடனே சிவந்து எச்சரிக்கும். நம் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் நாமும் தேய்ப்பதை நிறுத்துவதில்லை. உள்ளே அழற்சி உண்டாகி, நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் கருமையாக வெளிப்படுகிறது. அதற்குள் அந்த இரவை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

இந்தக் கருமை பெரும்பாலும் தானே மங்கிவிடும். மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். பொறுத்திருக்க மனமின்றி, மருந்துக் கடையில் யாரோ சொன்ன 'வெளுக்கும் களிம்பை' வாங்கிப் பூசத் தொடங்குவதுதான் என்னை அச்சுறுத்துகிறது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிந்து, பருக்கள் கிளம்பி, களிம்பை நிறுத்தினால் முகமே எரியும் நிலை வரும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் மத்திய அரசு 2018-ஆம் ஆண்டே சேர்த்துவிட்டது. ஆயினும் வெறும் துண்டால் தேய்த்ததில் தொடங்கி, ஓராண்டு சிகிச்சை தேவைப்படும் நிலைக்கு வந்த பிள்ளைகளை இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீரில் ஏன் போவதில்லை?

மேடை ஒப்பனை வியர்வையையும் விளக்கின் வெப்பத்தையும் தாங்கி நிற்பதற்கென்றே தயாரிக்கப்படுவது. டைட்டானியம் டையாக்சைடு, இரும்பு ஆக்சைடு முதலிய நிறப்பொடிகளை மெழுகும் எண்ணெயும் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றின் மேல் பவுடர் போட்டு இறுக்குகிறார்கள். இன்று மணப்பெண்ணுக்குச் செய்யும் ஒப்பனையில் சிலிக்கோனும் சேர்கிறது. இவை எவையும் நீரில் கரைவன அல்ல. நீரும் சோப்பும் மேற்பரப்பை வழவழப்பாக்குகின்றன. எஞ்சிய வேலையை உரசல்தான் செய்கிறது.

இந்த உண்மையை நம் கலைஞர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஒப்பனைக்குத் தமிழில் வழங்கும் 'அரிதாரம்' என்னும் சொல்லே ஒரு கனிமத்தின் பெயர். மஞ்சள் நிறம் தரும் அது ஆர்சனிக் சல்பைடு, நஞ்சு. அதை முகத்தில் பூசும் வழக்கம் குறைந்து, பெயர் மட்டும் நம்மிடம் நின்றிருப்பது நன்மையே. தெருக்கூத்துக் கலைஞர்கள் வண்ணப் பொடிகளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள். விடிந்து கூத்து முடிந்ததும் முகத்தில் மீண்டும் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, பழந்துணியால் வழித்தெடுக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே வழிதான். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் செய்ததாகச் சொல்லப்படும் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர்க் கலவையே பின்னாளில் 'கோல்டு கிரீம்' ஆயிற்று. நாடக நடிகர்கள் ஒப்பனை களையப் பயன்படுத்தியது அதைத்தான்.

பேன்கேக் 1930-களின் பிற்பகுதியில், வண்ணத் திரைப்படங்களுக்கென அமெரிக்காவில் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் உருவாக்கியது. அது சென்னைக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது. நந்தனத்திலிருந்து அண்ணா சாலையில் வடக்கே சென்றால் வரும் மேம்பாலத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு மறைந்த ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே பேன்கேக் எவ்வளவு பெருமளவில் வாங்கப்பட்டது என்பதையும், ஒப்பனை அறையின் விளக்குகள் எவ்வளவு அனல் கக்கின என்பதையும் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார். படித்துப் பாருங்கள். தோல் மருத்துவருக்கு அதில் சிரிப்போடு சிறிது வருத்தமும் தோன்றும்.

செய்யும் முறை

எண்ணெயில் பிடித்ததை எண்ணெய்தான் விடுவிக்கும். அதற்கு வேண்டியது வலிமையன்று, ஐந்து நிமிட நேரம்.

முதலில் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் அதைக் கழற்றிய பிறகே முகத்தில் எதையும் தடவ வேண்டும். முகம் நனையக் கூடாது. உலர்ந்த முகத்தில்தான் எண்ணெய் ஒப்பனையுடன் கலக்கும். நீர் பட்டுவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சிறு தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கைகளில் பரப்பி, நெற்றி, கன்னம், மோவாய், கழுத்து என ஒற்றி வையுங்கள். பிறகு விரல் நுனிகளால், குழந்தைக்கு எண்ணெய் தடவும் பதத்தில், ஒன்றிரண்டு நிமிடம் வட்டமாக வருடுங்கள். வண்ணம் கலங்கி ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் முகம் பார்க்கச் சகிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி வேண்டும். துவைத்துத் துவைத்து இழைந்துபோன பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டால் அதற்கு ஈடான பொருள் எந்தக் கடையிலும் இல்லை. துணியை முகத்தில் படியவைத்து, சற்று நிறுத்தி, வழித்தெடுங்கள். அழுத்தி முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். மேடை ஒப்பனைக்கு இதை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். சாதாரண நாளில் பவுடரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போட்டவர்களுக்கு ஒரு முறையே மிகை.

பிறகு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, சோப்பல்லாத மென்மையான முகக் கழுவி ஒன்றைக் கொண்டு ஒரே ஒரு முறை கழுவுங்கள். மருந்துக் கடையில் 'ஜென்டில் கிளென்சர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். வெந்நீர் வேண்டாம், அறை வெப்பநிலையிலுள்ள நீர் போதும். ஒற்றி ஈரத்தைப் போக்கி, தோல் முற்றிலும் உலருமுன் மணமற்ற மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைப்பது என்று பலர் ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த இலக்கைக் கைவிடுங்கள். முடியோரத்திலும் காதோரத்திலும் சிறிது வண்ணம் தங்கினால் மறுநாள் குளியலில் போய்விடும். காரிலேயே பிள்ளை உறங்கிவிட்டால்? என்றோ ஒரு நாள் அப்படி உறங்குவதால் பெரிய கேடு வந்துவிடாது. காலையில் பொறுமையாகக் களையலாம். கண் ஒப்பனையை மட்டும் எழுப்பியாவது எடுத்துவிடுங்கள்.

எந்த எண்ணெய்?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. என் முதல் தேர்வு மருந்துக் கடையில் கிடைக்கும் மணமற்ற லிக்விட் பாரஃபின். விலை குறைவு, ஒவ்வாமை மிக அரிது, முகத் துளைகளை அடைப்பதில்லை. பெட்ரோலியத்திலிருந்து வருவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். மருந்துத் தரத்தில் சுத்திகரிக்கப்பட்டதைப் பற்றி அந்த அச்சம் தேவையில்லை. ஆனால் பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். குத்துவிளக்கு, கற்பூரம், அடுப்பு ஆகியவற்றுக்கு அருகில் அதைப் போட்டு வைக்காதீர்கள்.

வறண்ட தோல் உடையவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதே. பருக்கள், எண்ணெய் வழியும் முகம், பொடுகு ஆகியவை உள்ளவர்களுக்கு அது உகந்ததன்று. மலசீசியா என்னும் பூஞ்சை நம் தோலில் இயல்பாகவே வாழ்கிறது. தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் அதற்கு உணவாகி, நெற்றியில் அரிக்கும் சிறு பொரிகள் கிளம்பலாம். ஆலிவ் எண்ணெய் விலை மிகுந்தது என்பதால் மேலானது என்று பொருளில்லை. அதில் மிகுந்துள்ள ஓலியிக் அமிலம் தோலின் அரணைத் தளர்த்தக்கூடியது. கடுகெண்ணெய் முகத்துக்கு ஆகாது.

மைசெல்லர் நீர் என்பது இப்போது எங்கும் விற்கிறது. அழுக்கைச் சூழ்ந்து பிடிக்கும் நுண்துகள்கள் கலந்த நீர் அது. இலேசான ஒப்பனைக்கு ஏற்றது. கழுவத் தேவையில்லை என்று குப்பியில் அச்சிட்டிருந்தாலும் நீரில் அலசிவிடுங்கள். தோலில் தங்கும் மீதம் சிலருக்கு எரிச்சல் தருகிறது. ஈரத் துடைப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவசரத்தில் அவை உரசலுக்கே வழிவகுக்கும். கெட்டுப்போகாமல் இருக்கச் சில வகைகளில் சேர்க்கப்பட்ட மெதில்ஐசோதயசோலினோன் என்னும் பொருள் எத்தனை பேருக்கு ஒவ்வாமை தந்ததென்றால், அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாமைப் பொருளாக அதையே அறிவித்தது.

கடலை மாவு, பயத்த மாவு, நலங்கு மாவு ஆகியவற்றின் மீது எனக்குப் பகை இல்லை. ஒப்பனை களைந்த இரவில் மட்டும் வேண்டாம். எலுமிச்சையை எந்த இரவிலும் முகத்தில் தேய்க்காதீர்கள்.

கண்ணும் பொட்டும்

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில் இருக்கிறது. நாட்டியத்துக்கு அங்கேதான் மை மிக அடர்த்தியாகத் தீட்டப்படுகிறது. பஞ்சை எண்ணெயில் நனைத்து, மூடிய இமையின் மேல் முப்பது விநாடி வைத்திருந்து, பின் மேலிருந்து கீழாக ஒரே திசையில் வழியுங்கள். ஒட்டு இமைமுடியை எண்ணெய் இளக்கிய பிறகே கழற்ற வேண்டும். பிய்த்தால் சொந்த முடியும் உடன் வரும். எண்ணெய் கண்ணுக்குள் சென்றால் சிறிது நேரம் பார்வை மங்கும். சுத்தமான நீரால் கழுவினால் சரியாகிவிடும். மங்கல் நீடித்தாலோ, வலியும் ஒளிக்கூச்சமும் இருந்தாலோ அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஒட்டுப் பொட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சில ஒட்டுப் பசைகளில் உள்ள பாரா டெர்ஷரி பியூட்டைல் பீனால் என்னும் பொருள் நிறமிச் செல்களை அழிக்கக்கூடியது. பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக வெண்மை தோன்றினால், அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு வைக்காமல், ஒட்டுப் பொட்டையே நிறுத்திவிட்டு வாருங்கள். தொடக்கத்தில் வந்தால் நிறத்தை மீட்க வாய்ப்பு அதிகம்.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள்

வெண்புள்ளி உள்ளவர்கள் பலர் அதை மறைக்கும் ஒப்பனை இட்டே வெளியில் செல்கிறார்கள். அதில் தவறேதுமில்லை, நாங்களே பரிந்துரைக்கிறோம். ஆனால் வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் ஒரு பண்பு உண்டு. தோல் எங்கே காயப்படுகிறதோ, உரசப்படுகிறதோ, அங்கே நோய் புதிதாகத் தோன்றலாம். நாள்தோறும் மறைப்பு ஒப்பனையைத் தேய்த்து எடுப்பது, மறைக்க நினைத்ததையே பெருக்கிவிடும். இவர்களுக்கு எண்ணெய் முறை விருப்பமன்று, கட்டாயம்.

பருவுக்கு ரெட்டினாய்டு களிம்போ ஐசோடிரெட்டினோயின் மாத்திரையோ எடுப்பவர்களின் தோல் எளிதில் உரியும். அரங்கேற்றமோ திருமணமோ வரவிருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். களிம்பைச் சில நாள் நிறுத்தி வைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். ஸ்டீராய்டு களிம்பால் பாதிக்கப்பட்ட முகத்துக்கும் இதே எச்சரிக்கை.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பெண்கள் உதிர்ந்த புருவத்தை வரைந்துகொண்டு, உதட்டில் சிறிது சாயமிட்டு மருத்துவமனைக்கு வருவதைப் பார்க்கிறேன். அது அவர்களுக்குத் தெம்பு தருகிறது. குடும்பத்தார் தடுக்க வேண்டாம். மாலையில் அதைக் களையும்போது உடனிருந்து உதவுங்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் சிறு அழுத்தத்திலும் தோலுக்கடியில் இரத்தம் கட்டும். கதிர்வீச்சு பெறும் இடத்தில் எதைத் தடவுவதானாலும் கதிர்வீச்சுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் வருபவர்கள்

அறுவைச் சிகிச்சையன்று ஒப்பனை இல்லாமல் வாருங்கள் என்று செவிலியர்கள் சொல்வது ஒழுங்குக்காக மட்டும் அன்று. உதடும் முகமும் நீலம் பாய்கின்றனவா என்பதை மயக்க மருத்துவர் நேரில் பார்த்தறிய வேண்டும். நகச்சாயம் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியின் கணக்கைப் பாதிக்கக்கூடும். எண்ணெய்ப் பசை இருந்தால் குழாய்களை ஒட்டும் பிளாஸ்திரி நழுவும். ஆகவே ஒப்பனையை முந்தின இரவே எண்ணெய் முறையில் களைந்து, காலையில் கிளென்சரால் முகம் கழுவி, கிரீம் எதுவும் தடவாமல் வாருங்கள். ஒட்டு இமைமுடி, லென்ஸ் ஆகியவற்றையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வருபவர்கள் கண் ஒப்பனையை அறவே நீக்கியிருக்க வேண்டும். சில மைகளிலும் மஸ்காராக்களிலும் உள்ள இரும்பு ஆக்சைடு காந்தப்புலத்தில் படத்தைக் கலங்கச் செய்யும். அரிதாக இமையில் சூடும் எரிச்சலும் உண்டாகும். ஸ்கேன் அறை வாசலில் உமிழ்நீர் தொட்டுக் கைக்குட்டையால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சற்று முன்னதாக வந்து சொன்னால் பஞ்சும் பாரஃபினும் நாங்களே தருவோம்.

கருமை ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், அடுத்த எட்டு வாரத்துக்குத் தேய்ப்பதை அடியோடு நிறுத்தி, பகலில் சன்ஸ்கிரீனும் இரவில் மாய்ஸ்சரைசரும் மட்டும் பூசிப் பாருங்கள். மங்கத் தொடங்கினால் அதையே தொடருங்கள். மங்கவில்லை என்றாலோ, அரிப்பும் வீக்கமும் இருந்தாலோ, பயன்படுத்திய ஒப்பனைப் பொருள்கள், பொட்டு, குங்குமம், களிம்பு அனைத்தையும் உறையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்கு வாருங்கள். ஒவ்வாமை என ஐயம் இருந்தால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை செய்வோம். இரண்டு நாள் ஒட்டியிருந்து, மூன்றாம் நாள் எடுத்து, ஐந்தாம் நாள் மீண்டும் பார்ப்போம். அந்த நாள்களில் முதுகில் நீர் படக் கூடாது, வியர்க்கவும் கூடாது. எனவே நாட்டிய வகுப்புக்கும் அந்த வாரம் விடுமுறை சொல்லிவிட்டு வாருங்கள்.